மூன்று லட்சத்தை ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள், தம்பி

கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். வயது 29. ஐந்தரை வருட ஜாவா, பேக்கெண்ட் அனுபவம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. முடித்தவர். மனைவி, ஒரு வயதுக் குழந்தை. சிங்கப்பூரில் வேலை தேட வேண்டும். மூன்று லட்சம் கொடுத்தால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார், கொடுக்கலாமா? அல்லது டூரிஸ்ட் விசாவில் வந்து ஒரு மாதம் தங்கித் தேடலாமா? மாதம் 7,000 வெள்ளி கிடைத்தால் குடும்பத்தோடு இருக்க முடியுமா?

(இங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். வந்த ஒரு மாதத்தில் உங்களுக்கும் பழகிவிடும்.)

ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுக்காதீர்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு, அதாவது நாங்கள் ஈபி என்று சொல்வதற்கு, நீங்கள் விண்ணப்பிக்கவே முடியாது. வேலை கொடுக்கும் கம்பெனி, அல்லது அதன் சார்பில் இங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி, மனிதவள அமைச்சில் விண்ணப்பிக்கும். விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி, பாஸ் வழங்க 225 வெள்ளி. அமைச்சுக்குக் கட்டும் முக்கியச் செலவு அவ்வளவுதான், அதுவும் கம்பெனியின் பொறுப்பு. வேலை கொடுப்பதற்காக ஒரு முதலாளி உங்களிடம் பணம் வாங்கினால் இங்கே அது குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு. உங்கள் ஏஜென்ட் எதை ‘எடுத்துத் தருகிறார்’ என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டார். சொன்னாலும், இன்டர்வியூவே நடத்தாமல் சீனியர் டெவலப்பர் வேலை தருகிற கம்பெனியாக இருக்கும். அப்படி ஒரு கம்பெனி இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இனி, பலரும் புரிந்துகொள்ளாமல் வந்து முட்டிக்கொள்கிற இடத்துக்கு வருகிறேன். நம் ஊரில் நாம் கேட்பது, ‘எனக்கு ஈபி கிடைக்குமா?’ என்பது. இங்கே கேட்க வேண்டியது, ‘இந்தக் கம்பெனியால் எனக்கு ஈபி வாங்க முடியுமா?’ என்பது. இரண்டும் ஒன்றில்லை. அதே படிப்பு, அதே அனுபவம், அதே சம்பளத்தோடு ஒரு கம்பெனியில் உங்களுக்கு பாஸ் கிடைக்கும், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் இன்னொரு கம்பெனியில் கிடைக்காது.

முதல் வாசல் சம்பளம். நான் 2012இல் வந்தபோது ஈபிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,000 வெள்ளி. 2025 ஜனவரியிலிருந்து அது 5,600. வங்கி, நிதித் துறைக்கு 6,200. இந்த 5,600 என்பது கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பிள்ளைக்கு. வயது கூடக்கூடத் தொகையும் படிப்படியாகக் கூடி, 45 வயதில் 10,700இல் போய் நிற்கிறது. உங்கள் 29 வயதுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 7,000 வரும். ஆக, நீங்கள் தாராளமான சம்பளம் என்று நினைக்கும் 7,000 இங்கே வெறும் வாசற்படி. முதல் பாஸ் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத்தான். புதுப்பிக்கும்போது வயதும் கூடியிருக்கும், இடையில் அரசாங்கம் தொகையையும் உயர்த்தியிருக்கும். அதனால் 7,500க்குக் கீழே வரும் ஆஃபரை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். இன்னொன்று: கணக்கில் வருவது நிலையான மாதச் சம்பளம் மட்டும்தான். போனஸ், ஷேர் எல்லாம் சேர்த்து நம் ஊர் சிடிசி மாதிரி ஒரு பெரிய எண்ணைக் காட்டினால் மயங்க வேண்டாம்.

இரண்டாவது வாசல் காம்பஸ். 2023 செப்டம்பரில் வந்த புள்ளி முறை. 40 புள்ளி எடுக்க வேண்டும். அடிப்படை அளவுகோல் நான்கு, ஒவ்வொன்றிலும் 0, 10, 20 என்று புள்ளி. முதலாவது, உங்கள் சம்பளம் அதே துறையில் உள்ள உள்ளூர் நிபுணர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்பது. இரண்டாவது, படிப்பு. உலக அளவில் முன்னணியில் இருக்கும் பல்கலைக்கழகம் என்றால் 20, உங்களுடையதும் என்னுடையதும் போன்ற பட்டம் என்றால் 10. மூன்றாவதும் நான்காவதும்தான் விளையாட்டே. மூன்றாவது, அந்தக் கம்பெனியின் நிபுணர், நிர்வாகி நிலை ஊழியர்களில் உங்கள் நாட்டுக்காரர்கள் எத்தனை சதவீதம் என்பது. ஐந்துக்குக் கீழே என்றால் 20, ஐந்திலிருந்து 25க்குள் என்றால் 10, அதற்கு மேல் என்றால் பூஜ்யம். நான்காவது, அதே துறையின் மற்ற கம்பெனிகளோடு பார்த்தால் இந்தக் கம்பெனி உள்ளூர்க்காரர்களை எவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறது என்பது.

இப்போது உங்களையே எடுத்துக்கொள்வோம். தகவல் தொழில்நுட்பத்தில் உள்ளூர்ச் சம்பளமே உயரம் என்பதால் 7,500க்கு முதல் அளவுகோலில் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக்கு 10. சாங்கி பிசினஸ் பார்க்கில் நம்மூர் முகங்களே நிறைந்த ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனிக்குப் போகிறீர்கள், மூன்றாவதில் பூஜ்யம். நான்காவதில் 10 வந்தாலும் மொத்தம் 20. கதை முடிந்தது. அதே நீங்கள், இந்தியர்கள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் ஒரு லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து) நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுக்குப் போகிறீர்கள்: 10, 20, 10. நாற்பது. உள்ளே. 25 நிபுணர்கள்கூட இல்லாத சிறிய ஸ்டார்ட்அப் என்றால் மூன்றாவது, நான்காவது இரண்டுக்கும் தானாகவே பத்துப் பத்து கொடுத்துவிடுவார்கள். படிப்போடு சேர்த்து 30. இன்னும் பத்துதான் வேண்டும்.

அந்தப் பத்து எங்கிருந்து வரும்? ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள வேலைக்கு வந்தால் 20 புள்ளி கூடுதல். செயற்கை நுண்ணறிவு, இணையப் பாதுகாப்பு போன்ற வேலைகள் அதில் உண்டு. 2023 பட்டியலில் மென்பொருள் டெவலப்பரும் இருந்தது. ஆனால் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உங்கள் நாட்டுக்காரர்களாக இருந்தால் அந்த இருபது பத்தாகிவிடும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது பாருங்கள். ‘நம்மாட்கள் நிறைய இருக்கிற கம்பெனி, ஈஸியா எடுத்துடுவாங்க’ என்று நண்பர்கள் சொல்வது பத்து வருடத்துக்கு முன்னால் உண்மை. நானே அப்படித்தான் வந்தேன். இன்று அதுவேதான் தடை.

விண்ணப்பிப்பதற்கு முன் கம்பெனி மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சுயமதிப்பீடு செய்து பார்க்கலாம். அதனால் இன்டர்வியூவில் இரண்டாவது சுற்று முடிந்ததும் எச்ஆரிடம் தயங்காமல், ‘என்னுடைய விவரத்தைப் போட்டு காம்பஸ் பார்த்துவிட்டீர்களா?’ என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

வேலை எங்கே தேடுவது? லிங்க்ட்இன் எல்லோருக்கும் தெரியும். மைகரியர்ஸ்பியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தைப் பலரும் பார்ப்பதில்லை. பத்துப் பேராவது இருக்கிற கம்பெனி ஒரு வெளிநாட்டவருக்கு ஈபி கேட்பதற்கு முன் அதில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்திருக்க வேண்டும், சம்பள வரம்போடு. அங்கே விண்ணப்பிக்க சிங்பாஸ் என்ற, இங்கே வசிப்பவர்களுக்கான அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வேண்டும், உங்களிடம் இருக்காது. பார்ப்பதற்கு எதுவும் வேண்டாம். எந்தக் கம்பெனி எந்த வேலைக்கு எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது கோவையில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும். பிடித்ததைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் சொந்தத் தளத்திலோ லிங்க்ட்இனிலோ விண்ணப்பியுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் வந்து தேடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லாச் சுற்றும் வீடியோவில்தான் நடக்கிறது. ஊரில் மூன்று மாத நோட்டீஸ் வைத்துக்கொண்டு இங்கே வந்து அறை வாடகை கொடுத்துக் காத்திருப்பதில் பதற்றம்தான் கூடும். பதற்றத்தில் இருப்பவர் 5,800க்கும் தலையாட்டிவிடுவார். கடைசிச் சுற்றுக்கு நேரில் கூப்பிட்டால் ஒரு வாரம் வந்துவிட்டுப் போங்கள். அந்தத் தொண்ணூறு நாள் நோட்டீஸை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். இங்கே பல இடங்களில் ஒரு மாத நோட்டீஸ்தான் வழக்கம். மூன்று மாதம் என்றதும் சிலர் விலகிவிடுவார்கள், பரவாயில்லை.

நான் கொஞ்ச வருடமாக இன்டர்வியூ எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நம் பிள்ளைகள் கோடிங்கில் தோற்பது குறைவு. தோற்பது ‘நாங்கள்’ என்ற சொல்லில். ‘வீ மைக்ரேட்டட் தி பேமென்ட் சர்வீஸ்’ என்பார்கள். சரி, அதில் நீ என்ன செய்தாய்? ‘வீ யூஸ்ட் காஃப்கா.’ ஏன் காஃப்கா? ‘ஆர்க்கிடெக்ட் முடிவு செய்தார்.’ அதே பிள்ளையிடம் நான் விடாமல் கேட்டால், நள்ளிரவில் ஒரே பணப் பரிமாற்றம் இரண்டு முறை பதிவானதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு சாவி எண் வைத்துத் தடுத்தது அவர்தான் என்று பதினைந்தாவது நிமிடத்தில் வெளியே வரும். எல்லோரும் விடாமல் கேட்க மாட்டார்கள், தம்பி. முதல் நிமிடத்திலேயே அதைச் சொல்லுங்கள். ரெஸ்யூமே ஆறு பக்கம் வேண்டாம், இரண்டு போதும். அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், போட்டோ எதுவும் வேண்டாம்.

ஆஃபர் வந்த பிறகும் ராஜினாமா கடிதத்தைத் தொடாதீர்கள். கம்பெனி விண்ணப்பித்து, பெரும்பாலும் பத்து வேலை நாளில் முடிவு வரும். கிடைத்தால் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வரும், ஐபிஏ என்போம். அது கையில் வந்தபின் ராஜினாமா. அந்தக் கடிதத்தை வைத்து இங்கே வந்து பாஸை வாங்கிக்கொள்ள ஆறு மாத அவகாசம் உண்டு, உங்கள் நோட்டீஸ் அதற்குள் அடங்கிவிடும். கடிதம் உண்மையா என்று மனிதவள அமைச்சின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். போலிக் கடிதத்தோடு சாங்கி விமான நிலையத்தில் வந்து நிற்பவர்கள் உண்டு.

பணத்துக்கு வருவோம். 7,500 வெள்ளியை ரூபாயாக்கிப் பார்த்தால் தலை சுற்றும். ரூபாயாக்காதீர்கள். நிரந்தரவாசி (பிஆர்) ஆகும்வரை, நம் ஊர் பி.எஃப். மாதிரியான மத்திய சேம நிதிப் பிடித்தம் கிடையாது, மாதாமாதம் வரிப் பிடித்தமும் கிடையாது. 7,500 என்றால் 7,500 முழுதாகக் கணக்கில் விழும். வருமான வரி அடுத்த வருடம் மொத்தமாக வரும். உங்களைப் போல் மனைவி, குழந்தையோடு இருப்பவருக்குக் கழிவுகள் போக வருடத்துக்கு 4,000 வெள்ளிக்குள் அடங்கும். பன்னிரண்டு தவணையாகவும் கட்டலாம். முதல் வருடம் வரியே இல்லை என்ற நினைப்பில் செலவு செய்துவிட்டு, இரண்டாம் வருடம் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சத்தை வீட்டு வாடகை தின்னும். வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில் ‘மூன்றறை’ என்றால் படுக்கையறை இரண்டுதான், ஹாலையும் ஓர் அறையாக எண்ணுவார்கள். நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி அப்படி ஒன்றுக்குச் சுமார் 2,800 முதல் 3,200 வெள்ளி. தனியாள் ஒருவருக்குப் பொது அறை, அதாவது குளியலறையை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் அறை, 800 முதல் 1,200. இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் இரண்டு மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரை வரி. ஆக முதல் சம்பளம் வருவதற்கு முன்பே பத்தாயிரம் வெள்ளி வரை கைவசம் வேண்டும். இடம் மாறும் செலவுக்கான ரிலோகேஷன் தொகையைக் கம்பெனியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேடிக் கிளாஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், வழக்கமாக ஒரு வருடம் முடிந்தபின் இரண்டு மாத நோட்டீஸில் வீட்டை விட அதுதான் வழி.

வீடு தேடும்போது மனம் நோகும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் முதலில் ஃபேரர் பார்க் பக்கம் அறை தேடியபோது போனில் முதல் கேள்வி, ‘யூ இந்தியன் ஆ?’ இரண்டாவது, ‘குக்கிங்?’ ‘லைட் குக்கிங்’ என்றால் என்னவென்று அந்த வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். மேகி, முட்டை. தாளிக்கக் கூடாது. எட்டு மாதம் தாளிக்காமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தால், யாரோ தாளிக்கிற வாசனையே பாதி வயிற்றை நிரப்பிவிடும். குடும்பத்தோடு முழு வீடு எடுப்பதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு புளோக்கில் மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் இத்தனை வீடுதான் வாடகைக்கு எடுக்கலாம் என்று வீவக ஓர் ஒதுக்கீடு வைத்திருக்கிறது. வீடு பிடித்துவிட்டது என்று பணம் கொடுப்பதற்கு முன் முகவரிடம் அதைக் கேளுங்கள்.

ஆக, குடும்பத்தோடு 7,500இல் இருக்கலாம். தாராளமாக இல்லை, கடனில்லாமல். மனைவி, குழந்தைக்கு டிபெண்டன்ட் பாஸ் எடுக்க உங்கள் சம்பளம் 6,000 இருந்தால் போதும். பெற்றோரை நீண்டகால பாஸில் கூட்டிவர 12,000 வேண்டும்; அதுவரை அவர்கள் விசிட் விசாவில் வந்து போவார்கள். மனைவியும் வேலைக்குப் போகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை பார்க்க வேண்டுமானால் அவருக்கும் தனியாக ஒரு வேலை பாஸ் வேண்டும். ஒரு சம்பளத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பேச வேண்டிய பேச்சு இதுதான், விமான டிக்கெட் எடுத்தபிறகு பேசாதீர்கள்.

வேலை போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. கம்பெனி பாஸை ரத்து செய்யும், அன்றிலிருந்து முப்பது நாள் இங்கே இருக்கலாம். அவ்வளவுதான். எனக்கு 2023இல் அது நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நிமிட மீட்டிங். மடிக்கணினி பன்னிரண்டு மணிக்கு அணைந்துவிட்டது. போதாததற்கு, வெளிநாட்டு ஊழியர் விலகினால் வருமான வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி பிடித்து வைக்க வேண்டும். ஐஆர்21 என்று அதற்குப் பெயர். கையில் காசு தேவைப்படும் அதே மாதத்தில் காசு வராது. அன்று எனக்கு யோசனை சொன்னது முன்னாள் மேனேஜர் ஒருவர்: ‘நோட்டீஸ் காலத்துக்குப் பணமாகக் கேட்காதே, கடைசி நாளைத் தள்ளிப்போடச் சொல்.’ இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். வேலை இல்லாவிட்டாலும் பாஸ் உயிரோடு இருந்தது. முப்பது நாள் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அதற்குள் அடுத்த கம்பெனி விண்ணப்பித்துவிட்டது. மூன்று மாதச் செலவைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைப்பதையும் அப்போதுதான் கற்றேன்.

உங்கள் குழந்தை மகன் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. பின்னாளில் அவனுக்கும் சேர்த்து நிரந்தரவாசம் வாங்கினால் அவனுக்குத் தேசிய சேவைக் கடமை, அதாவது ராணுவம் போன்றவற்றில் கட்டாயச் சேவை, வரும். இரண்டு வருடம். இப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை, தெரிந்து வைத்திருங்கள்.

இங்கே வந்து தமிழ் இல்லாமல் தவிப்போமோ என்ற கவலை வேண்டாம். நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம், தமிழ் வானொலியான ஒலி 96.8 நாள் முழுக்கப் பாடும். திருச்சிக்கு நான்கு மணி நேரத்தில் போய் இறங்கலாம்.

கம்பெனி கிடைக்கும்வரை சும்மா இருக்காமல் இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று சொல்கிறேன். பாஸ்போர்ட்டையும் பட்டச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காம்பஸில் படிப்புக்கான அந்தப் பத்துப் புள்ளி வேண்டுமென்றால் பட்டம் உண்மை என்று சரிபார்ப்பு நிறுவனம் ஒன்று உறுதி செய்ய வேண்டும். நம்மாட்கள் பலருக்கு சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சரிபார்ப்பவருக்கு அது இரண்டு ஆள். என் அணிக்கு வரவிருந்த ஒரு பையனுக்கு இதற்காகவே ஐந்து வாரம் போயிற்று. சான்றிதழில் இருக்கும் ‘எஸ்’தான் பாஸ்போர்ட்டில் இருக்கும் சுப்பிரமணியன் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அவர்கள் பதில் போட்டு, அதன்பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது. உங்களுடையதிலும் அப்படி இருந்தால் பத்திரத்தை இப்போதே எழுதி வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஒன்றிரண்டு கல்லூரி அலுவலகத்திலேயே தங்கியிருக்கும்.